பட்டறையும் கிடங்கும் ஒரே கூரைக்குக் கீழே: எந்த அமைப்பு யாருக்குப் பொருந்தும்?

கொட்டகை போட இடம் இருக்கிறது. ஒரு பக்கம் மரவேலை, வெல்டிங், வண்டி பழுதுபார்ப்பது. இன்னொரு பக்கம் டிராக்டர், கலப்பை, உர மூட்டை, வைக்கோல், என்றைக்காவது உதவும் என்று எடுத்து வைத்த பழைய கதவு ஜன்னல். இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே வேண்டும், உள்ளே எப்படிப் பிரிப்பது என்று கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் படம் வரைந்தே கொண்டுவருகிறார்கள். படத்தில் சுவர் எல்லாம் இருக்கும். கதவு எங்கே, அதன் வழியாக எது எந்தப் பக்கம் போகும் என்று கேட்டால்தான் யோசிக்க ஆரம்பிப்பார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் முதல் கொட்டகையைச் சுவரே இல்லாத திறந்த கூடமாகத்தான் போட்டேன். இரண்டாவது வருடம், வைஸ் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) பொருத்திய மேசைக்குப் போக மூட்டைகளைத் தாண்ட வேண்டியிருந்தது. மூன்றாவது வருடம் அந்த மேசைமேலேயே மூட்டை ஏறிவிட்டது. கிடங்கு பட்டறையைத் தின்னும். பட்டறை கிடங்கைத் தின்று நான் பார்த்ததில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள நான்கு அமைப்புகளையும் பாருங்கள்.

ஒப்பிட வசதியாக எல்லாவற்றையும் 2400 சதுர அடி, அதாவது 40 அடிக்கு 60 அடி என்றே வைத்துக்கொள்கிறேன். உங்கள் அளவு வேறாக இருந்தாலும் விகிதம் பெரிதாக மாறாது.

## எதை வைத்து எடை போடுவது

நெருப்பு. இதைத்தான் முதலில் வைப்பேன். வெல்டிங், கிரைண்டர் பொறிகளுக்கு அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் விதி 35 அடியைக் கணக்கில் எடுக்கிறது. அந்த வட்டத்துக்குள் எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது; இருந்தால் மூடிக் காக்க வேண்டும். வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் ஆள் நின்று பார்க்க வேண்டும். இப்போது நம் 40×60 கொட்டகையின் நடுவில் நின்று வெல்டிங் அடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மூலைக்குத் தூரம் 36 அடி. விதிப்படி தப்புவது நான்கு மூலைகள் மட்டும்.

வைக்கோலுக்குப் பொறிகூடத் தேவையில்லை. 20 சதவீதத்துக்கு மேல் ஈரத்தோடு கட்டி அடுக்கினால் தானாகவே சூடேறும். கட்டின் உள்சூடு 65 டிகிரி செல்சியஸைத் தொட்டால் விழிப்பாக இருக்க வேண்டும், 80ஐ நெருங்கினால் எந்த நேரமும் பற்றலாம். கட்டிய முதல் ஆறு வாரங்கள்தான் அதிக ஆபத்து. உரத்தில் அம்மோனியம் நைட்ரேட் இருந்தால் கதையே வேறு. டெக்சஸ் மாநிலத்தின் வெஸ்ட் என்ற ஊரில் 2013 ஏப்ரல் 17 அன்று உரக் கிடங்கு ஒன்று தீப்பிடித்து வெடித்து 15 பேர் இறந்தார்கள். அங்கே கட்டடமும் மரச்சட்டம், உரத்தொட்டிகளும் மரம். அப்படிப்பட்ட உரத்தை இந்தக் கொட்டகைக்குள் கொண்டுவராமல் இருப்பதே சரி. நான்கு அமைப்புகளில் எதுவும் அதற்குப் பதில் இல்லை.

தூசியும் துருவும். மரத்தூளை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. அது மூக்கில் மட்டும் போகாது; தானியத்தில் விழும், டிராக்டரின் காற்று வடிகட்டியை அடைக்கும். எதிர்ப்பக்கம் கிடங்கிலிருந்து வருவது ஈரமும் உப்பும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் கூடும். உரத்தூள் படிந்திருந்தால் அதற்கு முன்பே பிடிக்கும், ஏனென்றால் உரம் காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். (இங்கே ஒரு வேடிக்கை: 30 டிகிரி வெப்பத்தில் அம்மோனியம் நைட்ரேட் ஏறத்தாழ 60 சதவீத ஈரப்பதத்திலும் யூரியா 70க்கு மேலும்தான் கசிய ஆரம்பிக்கும். இரண்டும் கலந்தால் 18 சதவீதமே போதும்.) இழைப்புளி, உளி, அளவுகோல் எல்லாம் அந்தக் காற்றில் தொங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நீளப் பொருளின் பாதை. பிளைவுட் பலகை 8 அடிக்கு 4 அடி. மேசை ரம்பத்தில் அதை நீளவாக்கில் அறுக்க ரம்பத்துக்கு முன்னால் 8 அடி, பின்னால் 8 அடி, நடுவில் ரம்பமே 3 அடி. ஆக ஏறத்தாழ 20 அடி நேர்பாதை. அதே பலகையைச் சுழற்றி நிறுத்த அதன் மூலைவிட்டமான 9 அடிக்குச் சற்றுக் குறைவான இடம் வேண்டும். இந்த இரண்டு அளவும் கிடைக்காத இடத்தை மரப்பட்டறை என்று சொல்லாதீர்கள்.

வண்டி நடமாட்டம். எதை எடுக்க எதை நகர்த்த வேண்டும் என்பதுதான் கேள்வி. தினமும் எடுப்பது, வாரம் ஒருமுறை எடுப்பது, வருடத்துக்கு ஒருமுறை எடுப்பது என்று மூன்று பட்டியல் எழுதிவிட்டுப் படத்தைத் திரும்பப் பாருங்கள்.

பிற்பாடு நீட்டிக்க வழி. ஒரு முனையாவது காலியாக இருக்க வேண்டும். அந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்க் குழி, மரம் எதுவும் வேண்டாம்.

## 1. திறந்த கூடம்

சுவர் இல்லை, ஒரே தளம், ஒரே பெரிய கதவு. தரையில் கோடு போட்டு இது பட்டறை, அது கிடங்கு என்று சொல்லிக்கொள்வது.

கட்ட எளிது, செலவும் குறைவு. நீளமான டிரெய்லரைப் பழுதுபார்க்க வேண்டுமா, சாமானை ஒதுக்கிவிட்டு உள்ளே கொண்டுவரலாம். படகு, பெரிய கேட், கூரைச் சட்டம் என்று ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவில் வேலை செய்கிறவருக்கு இந்தச் சுதந்திரம் பெரிது.

மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில் வரும். வெல்டிங் அடிக்கும் ஒவ்வொரு முறையும் தீப்பிடிக்காத போர்வை விரித்து எல்லாவற்றையும் மூட வேண்டும். முதல் மாதம் செய்வோம், அப்புறம் செய்ய மாட்டோம். குளிருக்கோ வெயிலுக்கோ பட்டறையை மட்டும் இதமாக வைக்க முடியாது. 2400 சதுர அடிக் காற்றையும் சேர்த்துத்தான் சூடாக்க வேண்டும், குளிர்விக்க வேண்டும். விளக்கும் அப்படித்தான்: மேசைமேல் 500 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) வேண்டும், கிடங்குக்கு 100 போதும், ஆனால் எல்லை தெரியாததால் எங்கும் ஒரே அளவில் போட்டுவிடுவோம். கோடு நகர்ந்துகொண்டே போவதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

கிடங்கில் இருப்பது முழுக்க இரும்பு, கல், குழாய் போன்ற எரியாத பொருளாக இருந்து, வேலை செய்வதும் நீங்கள் ஒருவர் மட்டும் என்றால் இதுவே போதும். வைக்கோலோ பெட்ரோலோ தானியமோ வரும் என்றால் வேண்டாம்.

## 2. குறுக்குச் சுவர்: ஒரு முனை பட்டறை, மறு முனை கிடங்கு

என் இரண்டாவது கொட்டகை இப்படித்தான். கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நான் சொல்வதும் இதைத்தான்.

சுவரைக் குறுக்காகப் போடுவதா, நீளவாக்கில் போடுவதா என்று ஒரு குழப்பம் வரும். நீளவாக்கில் போட்டால் 60 அடிச் சுவர், இரண்டு பக்கமும் 20 அடி அகலத்தில் ரயில் பெட்டி மாதிரி அறைகள். குறுக்காகப் போட்டால் 40 அடிச் சுவர்தான், அறைகளும் சதுரத்துக்கு அருகில் வரும். 12 அடிக்கு ஒரு தூண் வரிசை வைத்தால் 60 அடி நீளம் ஐந்து கட்டமாகப் பிரியும். இரண்டு கட்டம் பட்டறைக்கு, மூன்று கட்டம் கிடங்குக்கு. பட்டறை 24×40 கிடைக்கும். 20 அடி ரம்பப் பாதை எந்தத் திசையிலும் அடங்கும். சுவர் தூண் வரிசையிலேயே உட்கார்ந்துவிடுவதால் அதற்கென்று தனியாகத் தாங்கல் தேவைப்படாது.

சுவரைப் பத்தடியில் நிறுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பார்க்க முழுச்சுவர் போல இருக்கும். தூசியும் புகையும் மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கும். கூரைத் தகட்டின் அடிவரை எழுப்பி, தகட்டின் வரி வளைவுகளில் உள்ள இடைவெளியையும் எரியாத பஞ்சால் அடைக்க வேண்டும். முக்கோண முகட்டுப் பகுதியை அடைப்பதற்கு ஆகும் வேலையை யாரும் மதிப்பீட்டில் சேர்ப்பதில்லை. மறைந்த செலவு அதுதான். செங்கல்லோ கான்கிரீட் கல்லோ நல்லது. மரச்சட்டம் என்றால் இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகை வேண்டும்.

சுவரில் ஒரு ஆள் கதவு போதும். தானாக மூடிக்கொள்ளும் கதவாக இருக்கட்டும். கிடங்குப் பக்கம் பெட்ரோல் வண்டி நிற்கும் என்றால் இன்னொன்றைக் கவனியுங்கள்: பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது, தரையோடு தவழ்ந்து வரும். பட்டறைத் தளத்தை நான்கு விரல் உயர்த்திவிடுங்கள். இரண்டு பக்கமும் பிளக், சுவிட்ச், தீப்பொறி வரக்கூடிய மோட்டார் எதையும் தரையிலிருந்து 18 அங்குலத்துக்குக் கீழே வைக்காதீர்கள். தளத்தை உயர்த்தினால் தள்ளுவண்டி ஏறாதே என்பீர்கள். ஒரு சின்னச் சரிவு போட்டால் ஏறும்.

இந்த அமைப்பின் உண்மையான குறை கிடங்கில்தான். 36×40 அறைக்கு ஒரே கதவு வைத்தால் கடைசியில் உள்ளே போனதுதான் முதலில் வெளியே வரும். விதைப்புக் கருவி மூலையில், அதன் முன்னால் டிரெய்லர், அதன் முன்னால் டிராக்டர். எனக்கு இது நடந்தது. பிறகு பக்கச் சுவரை உடைத்து இரண்டாவது கதவு வைத்தேன். முதலிலேயே வைத்திருந்தால் பாதிச் செலவில் முடிந்திருக்கும். பக்கச் சுவரில் கதவு வைத்தால் கூரை நீர் தலையில் கொட்டும். அங்கே கூரை நீரைப் பிடித்து ஒதுக்கும் தகர வாய்க்கால் கட்டாயம்.

நீட்டிப்பதற்கு இதுதான் சுலபம். கிடங்கு முனைச் சுவரைக் கழற்றி இன்னும் இரண்டு கட்டம் சேர்த்தால் முடிந்தது, பட்டறை அசையாது.

## 3. நடுவழி: ஊடே ஓட்டிப் போகும் கொட்டகை

இரண்டு முனையிலும் கதவு, நடுவில் 14 அடி அகலப் பாதை, இரண்டு பக்கமும் 13 அடி ஆழத்தில் அறைகளும் அடுக்குகளும்.

வண்டி நடமாட்டத்தில் இதை அடிக்க வேறு எதுவும் இல்லை. டிரெய்லரோடு உள்ளே வந்து, இறக்கிவிட்டு, ரிவர்ஸ் எடுக்காமலே மறுபக்கம் போய்விடலாம். எதை எடுக்கவும் எதையும் நகர்த்த வேண்டாம். மழையில் லோடு இறக்கிப் பார்த்தவருக்கு இதன் அருமை தெரியும்.

கணக்குப் போட்டால்தான் வலிக்கும். 14 அடிக்கு 60 அடி என்றால் 840 சதுர அடி. மொத்தத் தளத்தில் 35 சதவீதம் வெறும் பாதை. அது காலியாகவே இருந்தால்தான் பாதை. ஒரு நாள் ஒரு மூட்டையை அங்கே வைத்தால் மறுநாள் பத்து நிற்கும். பட்டறைக்கு மிஞ்சுவது 13 அடி அகலம். வைஸ் மேசைக்கும் இயந்திர வேலைக்கும் அது தாராளம். பிளைவுட் அறுக்க ரம்பத்தைப் பாதையில் இழுத்துப் போட வேண்டும், அப்போது வண்டி நின்றுவிடும். இரண்டு முனையும் திறந்திருந்தால் காற்று புனல் மாதிரி பாயும். வண்டிப் புகை போவதற்கு நல்லது, வார்னிஷ் அடிக்க ஆகாது.

மறைந்த செலவு வெளியேதான். இரண்டு முனைக்கும் வண்டி வரும் பாதை வேண்டும், சுற்றிவர இடம் வேண்டும். கொட்டகைக்கு 2400 சதுர அடி ஒதுக்கி, வண்டி திரும்புவதற்கு அதற்கு இணையான நிலத்தைச் சரளை போட்டுக் கெட்டிப்படுத்தியவர்கள் உண்டு. முனைகள் இரண்டும் கதவாகிவிடுவதால் நீட்டிப்பதும் சிரமம்.

அறுவடைக் காலத்தில் ஒரு நாளைக்குப் பல நடை போய் வருகிறவர், வாடகைக்குக் கருவி கொடுக்கிறவர், சரக்கு ஏற்றி இறக்குவதே பிழைப்பாக உள்ளவர் — இவர்களுக்கு இதுதான். வாரக் கடைசியில் மட்டும் கதவு திறக்கிறவருக்கு வீண்.

## 4. சாய்ப்பு: முதன்மைக் கட்டடத்தில் பட்டறை, பக்கத்தில் கிடங்கு

அதே 2400 சதுர அடியை 28×60 முதன்மைக் கட்டடமாகவும் அதன் பக்கச் சுவரோடு ஒட்டிச் சரியும் 12×60 சாய்ப்பாகவும் பிரிக்கலாம். 1680, 720.

இதில் பலர் கவனிக்காத லாபம் ஒன்று உண்டு. ஒரே மாதிரிச் சுமை என்றால், உத்திரத்தை வளைக்கும் விசை அகலத்தின் இருமடிப்படி கூடும். 40 அடியை 28 ஆகக் குறைத்தால் அந்த விசை பாதிக்குச் சற்றுக் குறைவாகிவிடும். டிரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம்) இலகுவாகும், தூக்கி நிறுத்துவதும் எளிது. சாய்ப்பைப் பிற்பாடு பணம் சேர்ந்ததும் போடலாம். பட்டறைக்கும் சாய்ப்புக்கும் நடுவில் வெளிச்சுவரே நிற்பதால் நெருப்புக்கும் தூசிக்கும் தனியாகத் தடுப்பு எழுப்ப வேண்டியதில்லை. இரைச்சல் போடும் கம்ப்ரஸரைச் சாய்ப்பில் தள்ளிவிட்டால் பட்டறையில் பேசுவது காதில் விழும்.

குறை உயரத்தில் இருக்கிறது. கூரை ஆறடிக்கு ஓரடி சரிந்தால் 12 அடி அகலத்தில் இரண்டடி இறங்கிவிடும். முதன்மைக் கூரையின் ஓரம் 12 அடியில் இருந்தால் சாய்ப்பின் வெளி விளிம்பு 10 அடி, அதிலும் உத்திரத்தின் கனம் போக ஒன்பது சொச்சம். கவிழ்ந்தால் ஓட்டுகிறவரைக் காக்கும் இரும்புச் சட்டம் பொருத்திய டிராக்டர் உரசாமல் நுழையுமா என்று உங்கள் வண்டியை அளந்து பாருங்கள். முதன்மைக் கூரையை ஓரடி உயர்த்திவிடுவதே பின்னால் நிம்மதி. இன்னொன்று, சாய்ப்பு போட்ட பக்கம் ஜன்னல் வெளிச்சம் போய்விடும். அந்தச் சுவரில் கண்ணாடிக்கு பதில் அடுக்குகளும், எதிர்ச் சுவரில் பெரிய ஜன்னலும் அதன் கீழே வேலை மேசையும் வரட்டும். சாய்ப்பின் திறந்த பக்கம் சாரல் அடிக்கும் திசையைப் பார்க்கக் கூடாது. சாய்ப்பும் சுவரும் சேரும் இடத்தில் தகடு மடிப்பு சரியில்லை என்றால் ஒழுகும், எப்போதும் அங்கேதான் ஒழுகும்.

கலப்பை, டிரெய்லர், குழாய், மரக்கட்டை போன்று காற்றும் கொஞ்சம் ஈரமும் பட்டாலும் கெடாத பொருள்கள்தான் அதிகம் என்றால், இரண்டாவது அமைப்பைவிடவும் இதைச் சொல்வேன். மூட்டையும் விதையும் என்றால் சாய்ப்பை முழுக்க அடைக்க வேண்டும், அப்போது செலவு லாபம் போய்விடும்.

## பரண் போட்டால் என்ன?

இதைத் தனி அமைப்பாக நான் கணக்கிடுவதில்லை, மேலே சொன்ன எதோடும் சேரும். ஆனால் "இடம் இலவசமாகக் கிடைக்கிறதே" என்று போடுகிறவர்கள் இரண்டு கணக்கைப் பாருங்கள்.

18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்று சுமார் 32 கிலோ. ஐம்பது பலகையை அடுக்கினால் மூன்றடி உயரம்தான், ஆனால் எடை 1.6 டன். 32 சதுர அடிக்குள் அது உட்காருவதால் சதுர அடிக்கு 50 கிலோ. வீட்டு மாடித் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ, அதாவது சதுர அடிக்கு 19 கிலோ சுமைக்குத்தான் கட்டுவார்கள். வீட்டு மாடி மாதிரிப் போட்டால் போதும் என்று கொத்தனார் சொன்னால் தலையாட்டாதீர்கள். பொறியாளரிடம் போங்கள்.

இரண்டாவது, உயரம். கீழே பலகை சுழல 9 அடி, தளம் ஓரடி, மேலே நிமிர்ந்து நிற்க 7 அடி. மொத்தம் 17. அதோடு படிக்கட்டு தரையில் நாற்பது ஐம்பது சதுர அடியை எடுத்துக்கொள்ளும். தகட்டுக் கூரைக்கு அடியில் வெயில் நேரத்தில் பசை, பெயிண்ட் எல்லாம் கெட்டுப்போகும். எடை குறைந்த, வெப்பம் தாங்கும், வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் பொருளுக்கு மட்டும் பரண் சரி. வெல்டிங் மேசைக்கு மேலே வைக்கோல் பரண் போடுவது பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை.

## ஒரே பார்வையில்

| | திறந்த கூடம் | குறுக்குச் சுவர் | நடுவழி | சாய்ப்பு |
|---|---|---|---|---|
| தீத்தடுப்பு | மோசம் | சுவர் முகடு வரை போனால் நன்று | சுமார் | நன்று |
| தூசி, துரு | மோசம் | நன்று | சுமார், காற்றோட்டம் உண்டு | பட்டறைக்கு நன்று, சாமானுக்குச் சுமார் |
| 20 அடி ரம்பப் பாதை | காலியாக இருந்தால் | எப்போதும் | வண்டி நடமாட்டத்தை நிறுத்தினால் | எப்போதும் |
| சாமானை எடுப்பது | போகப்போகச் சிரமம் | இரண்டு கதவு இருந்தால் நன்று | மிக நன்று | மிக நன்று |
| நீட்டிப்பு | எளிது | மிக எளிது | சிரமம் | எளிது |
| மறைந்த செலவு | குளிர்/வெப்பம், இட இழப்பு | முகடு அடைப்பு, இரண்டாம் கதவு | வெளிப்பாதை, 35% தளம் | கூடுதல் உயரம், ஒழுகல் |

## எதைத் தேர்ந்தாலும் கான்கிரீட்டுக்கு முன்னால்

தளம் போட்ட பிறகு மாற்ற முடியாதவை சில உண்டு. பட்டறை நடுவில் ரம்பத்துக்கு மின்சாரம் தரையடியில் வர வேண்டும் என்றால் குழாயை இப்போதே புதையுங்கள், ஒன்றுக்கு இரண்டாக. டிராக்டர் ஏறும் இடத்தில் தளம் ஆறு அங்குலம், மற்ற இடத்தில் நான்கு. மூட்டை அடுக்கும் பகுதியில் கான்கிரீட்டுக்கு அடியில் கெட்டியான பாலித்தீன் விரிப்பு வேண்டும்; விடுபட்டால் எத்தனை மரச்சட்டம் போட்டு அடுக்கினாலும் அடிமூட்டை கட்டிதட்டும். கதவை நோக்கி நூறடிக்கு ஓரடிச் சரிவு. மின்பலகையைச் சுவரின் பட்டறைப் பக்கம் வையுங்கள். தானியம் இருக்கும் பக்கம் எலி வரும், எலி வந்தால் வயரைக் கடிக்கும்.

படத்தோடு திருப்தி அடையாமல், தேர்ந்த அமைப்பை நிலத்திலேயே முழு அளவில் சுண்ணாம்புத் தூளால் வரைந்து பாருங்கள். கதவு வரும் இடங்களில் குச்சி நட்டு, டிரெய்லர் மாட்டிய டிராக்டரை ஓட்டிவந்து நிறுத்தி, அதற்குப் பின்னால் ஒரு பிளைவுட் பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். இடிக்கிற இடத்தில் குச்சியைப் பிடுங்கி வேறிடத்தில் நட அரை நிமிடம்தான் ஆகும்.